சனிக்கிழமை ராத்திரி போன் யாருக்கு வரும்?

கேள்வி: வணக்கம் சார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். எனக்குக் கீழே ஒரே ஒரு பையன். மொத்தம் 130 கம்ப்யூட்டர், 11 சர்வர். போன வருடம் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட்டர் வந்து "சீம் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் குறை எழுதிவிட்டுப் போனார். அடுத்த மாதமே எம்.டி. ஒன்றை வாங்கித் தந்தார். வெண்டர் மூன்று நாளில் நிறுவிவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்போது நாளைக்கு நாலாயிரம் அலர்ட் வருகிறது. முதல் வாரம் பார்த்தோம், அப்புறம் முடியவில்லை. அந்த மெயில்கள் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டேன். 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ள வருடச் சந்தா கட்டச் சொல்கிறார் வெண்டர். "வாங்கியதே தண்டம், இதற்கு மேலும் பணமா?" என்கிறார் எம்.டி. இதை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா? ரெண்டு பேரால் ஓட்ட முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: வணக்கம் அம்மா. அந்த ஃபோல்டர் விஷயத்தை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. நான் போய்ப் பார்த்த பல கம்பெனிகளில் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறது. யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். எட்டு மணி நேர வேலைக்கு 480 நிமிடம். நாலாயிரம் அலர்ட்டைப் பார்க்க வேண்டுமானால் நிமிடத்துக்கு எட்டு. வேறு எந்த வேலையும் செய்யாமல், டீ குடிக்காமல் உட்கார்ந்தாலும் நடக்காது. உங்கள் சோம்பேறித்தனத்தில் வந்த கோளாறு இல்லை இது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர், சர்வர், ஃபயர்வால் (இணையத்துக்கும் கம்பெனிக்கும் நடுவே நிற்கும் காவல்காரன்) எல்லாமே தமக்கு நடந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார், யாருக்குப் பாஸ்வேர்டு தப்பாய்ப் போனது, எந்தப் புரோகிராம் ஓடியது, இப்படி. அதுதான் லாக். எல்லா இடத்து லாக்கையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சந்தேகம் வந்தால் குரல் கொடுப்பது சீம். 2005ல் கார்ட்னர் நிறுவன ஆய்வாளர்கள் வைத்த 'செக்யூரிட்டி இன்ஃபர்மேஷன் அண்ட் ஈவென்ட் மேனேஜ்மென்ட்' என்ற பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'சீம்' ஆனது. அதை வைத்து ராப்பகலாய்க் கண்காணிக்கும் குழுவுக்கு 'சாக்' என்று பெயர். பல இடங்களில் சாக் இருக்கிறது என்பதே ஒரு சாக்காகிவிடுகிறது, அது வேறு கதை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தூக்கிப் போடாதீர்கள். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரி ஓடுவதில் பிரயோஜனமும் இல்லை.

எது அதிகம் கத்துகிறது என்று நீங்கள் இணைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன். முதலிடத்தில் இருப்பது ஒரே ஒரு கணக்கின் லாகின் தோல்வி, நாளைக்கு ஏறத்தாழ 2,880 முறை. இந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஒரு நாளில் 86,400 வினாடி. அதை 30 ஆல் வகுத்தால் 2,880. இப்படி அரை நிமிடத்துக்கு ஒருமுறை பிசகாமல் கதவைத் தட்டுவது திருடனாக இருக்காது. பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு முயன்றுகொண்டிருக்கும் ஏதோ ஒரு மெஷின்தான். வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் கருவியாக இருக்கலாம், ஸ்கேன் செய்ததை சர்வரில் போடும் ஜெராக்ஸ் மெஷினாக இருக்கலாம். எந்த ஐ.பி.யிலிருந்து (நெட்வொர்க்கில் அந்த மெஷினின் முகவரி எண்) வருகிறது என்று பார்த்து அங்கே பாஸ்வேர்டைச் சரிசெய்யுங்கள். ஒரே மதியத்தில் உங்கள் நாலாயிரம் ஆயிரத்து நூறாகிவிடும்.

இரண்டாமிடத்தில் ஃபயர்வால் தடுத்த இணைப்புகள். இதற்கு அலர்ட்டே வேண்டாம். இணையத்தில் ஒரு முகவரி இருந்தால் உலகத்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டை ஆட்டிப் பார்க்கத்தான் செய்வான். பூட்டு திறக்கவில்லை என்பதற்கு ஏன் எழுந்து வர வேண்டும்? லாக்காக இருக்கட்டும், பின்னால் விசாரணைக்கு உதவும். வெளியிலிருந்து வந்து தடுக்கப்பட்டது சத்தம். உள்ளிருந்து வெளியே போக முயன்று தடுக்கப்பட்டது விஷயம். இந்த வித்தியாசத்தை உங்கள் வெண்டர் மூன்று நாளில் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

சரி, எதற்கு எழுந்து வர வேண்டும்? கருவியோடு வரும் நூற்றுக்கணக்கான ரூல்களை ('இது நடந்தால் அலர்ட் கொடு' என்ற விதிகளை) அப்படியே ஓடவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மொத்தத்தையும் அணைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டில் தொடங்குங்கள். உங்கள் கம்பெனியில் எது நடந்தால் மறுநாள் லைன் நிற்கும் என்று முதலில் எம்.டி.யோடும் உற்பத்தி மேலாளரோடும் உட்கார்ந்து பேசுங்கள். ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாம் ஓடும் ஈ.ஆர்.பி. சர்வர் பூட்டப்பட்டால், வடிவமைப்பு வரைபடங்கள் வெளியே போனால், சப்ளையருக்குப் போகும் வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்டால். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

விண்டோஸ் லாக்கில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஓர் எண் உண்டு. விண்டோஸ் சர்வர்களில் நான் முதலில் பார்ப்பவை சில. 4720 என்றால் புதுக் கணக்கு ஒன்று உருவாகியிருக்கிறது. 4728, 4732 என்றால் யாரையோ ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அது அட்மின் குழுவாக இருந்தால் உடனே தெரிய வேண்டும். 7045 என்றால் புது சர்வீஸ் ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. 1102 என்றால் பாதுகாப்பு லாக்கையே யாரோ துடைத்திருக்கிறார்கள், இதற்கு நல்ல காரணம் கிடைப்பது அபூர்வம். பல கணக்குகளுக்கு 4625 என்று தோல்வியாக வந்து, அதே இடத்திலிருந்து ஒன்றுக்கு மட்டும் 4624 என்று வெற்றி வந்தால், ஒரே பாஸ்வேர்டை எல்லார் மேலும் போட்டுப் பார்த்து ஒருவரிடம் பலித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஷேடோ காப்பிகளை, அதாவது விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் பழைய நகல்களை, அழிக்கும் கட்டளை. ரான்சம்வேர்காரர்கள், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவர்கள், கோப்புகளைப் பூட்டுவதற்குச் சற்று முன் வழக்கமாகச் செய்வது இது. ஆனால் இதைப் பிடிக்க, எந்தப் புரோகிராம் தொடங்கியது என்று சொல்லும் 4688 பதிவையும், அதில் கட்டளை வரி முழுதாக வருவதையும் நீங்களே போய் இயக்க வேண்டும், தானாக வராது. பேக்கப் அழிக்கப்பட்டாலும், வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வரும் வழியான வி.பி.என்.னில் ஒரே ஆள் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு நாடுகளிலிருந்து வந்தாலும் எழுந்துதான் ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ரூல் இன்னொன்று. யாருமே பயன்படுத்தாத, ஆனால் பெயரைப் பார்த்தால் அட்மின் போலத் தெரியும் கணக்கு ஒன்றை உருவாக்கி, நீளமான பாஸ்வேர்டு போட்டு, எந்த அதிகாரமும் தராமல் விட்டுவிடுங்கள். அதைத் தொட வேலை செய்பவர் யாருக்கும் காரணமே இல்லை. யாராவது தொட்டால் உள்ளே ஆள் நுழைந்திருக்கிறான். காசு செலவில்லாத எலிப்பொறி, வெற்று அலர்ட்டும் அநேகமாக வராது.

இன்னொரு ரூலை யாரும் வைப்பதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: லாக் வராமல் போனால் அலர்ட். ஏதாவது ஒரு சர்வரிலிருந்து ஒரு மணி நேரம் ஒன்றுமே வரவில்லை என்றால் உங்களுக்குத் தெரிய வேண்டும். உள்ளே வந்தவன் முதலில் ஏஜென்ட்டை (லாக்கை சீமுக்கு அனுப்பும் சிறு புரோகிராமை) நிறுத்துவான். அவன் வராமலே விண்டோஸ் அப்டேட் ஒன்று நிறுத்திவிடுவதும் உண்டு. இரண்டிலும் டாஷ்போர்டு (சீமின் நிலவரத் திரை) பச்சையாக, அமைதியாகத்தான் இருக்கும்.

லாக் சேர்ப்பதில் இரண்டு கவனிப்புகள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு லாக்கின் அளவு தானாக அமைவது 20 எம்.பி. நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். வேலை அதிகமான சர்வரில் நேற்றைய கதை இன்று இருக்காது. அளவைக் கூட்டுங்கள், சீமுக்கு உடனுக்குடன் அனுப்புங்கள்.

மற்றது நேரம். இதை என் சொந்த அவமானத்தோடு சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் விசாரணைக்குப் போனேன். ராத்திரி 2.10க்கு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வெளியே பெரிய அளவில் ஃபைல் போயிருந்ததாக ஃபயர்வால் லாக் காட்டியது. அந்த நேரம் பணியில் இருந்தவர் ஒரே ஒரு நைட் ஷிப்ட் ஆபரேட்டர். இரண்டு நாள் அவரை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி. மூன்றாம் நாள்தான் ஃபயர்வால் உலகப் பொது நேரத்தில் எழுதிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதாவது உண்மையில் நடந்தது காலை 7.40க்கு. அந்த மனிதர் அப்போது ஷிப்ட் முடிந்து ஆவடி போகும் லோக்கலில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன், பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் எந்த கம்பெனிக்குப் போனாலும் முதலில் எல்லா மெஷினின் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் லாக்கைத் திறக்கிறேன்.

இது சட்டத்திலும் இருக்கிறது. சைபர் சம்பவங்களுக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. என்.ஐ.சி. (மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, இல்லையென்றால் அவற்றோடு பொருந்தும் சர்வர்களோடு, கடிகாரங்களை இணைக்க வேண்டும். எல்லா லாக்கையும் 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். உத்தரவில் பட்டியலிட்ட சம்பவம் ஏதாவது நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்தாயிற்று. ஆறு மணி நேரம் என்பது நீங்களாகக் கவனித்த நேரத்திலிருந்து, அல்லது உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட நேரத்திலிருந்து. உங்கள் ஃபோல்டரில் படிக்காமல் கிடக்கும் மெயிலை 'கவனத்துக்குக் கொண்டுவந்தது' என்று ஒருவர் வாதாடினால் என்ன பதில் சொல்வீர்கள்? எம்.டி.யிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இதோடு, 2025 நவம்பரில் வெளியான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் தனிநபர் தகவல் தொடர்பான லாக்கை ஓராண்டு வைக்கச் சொல்கின்றன. அந்தப் பகுதி நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் தந்திருக்கிறார்கள். ஊழியர் சம்பளப் பட்டியல் வைத்திருக்கிற உங்களுக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இடம் எவ்வளவு தேவைப்படும்? வினாடிக்கு 300 பதிவு, ஒவ்வொன்றும் 500 பைட் என்று வைத்தால் நாளைக்குச் சுமார் 13 ஜி.பி., 180 நாளுக்கு 2.3 டி.பி., ஓராண்டுக்கு 5 டி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. லாக் வெறும் எழுத்துதான், நன்றாகச் சுருங்கும். பயப்படும் அளவுக்குச் செலவில்லை. ஒன்று மட்டும், அந்தச் சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆள் விஷயம். பணம் இருக்கிற கம்பெனிகளும் விழும் குழி இது. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013ல் சுமார் நாலு கோடி வாடிக்கையாளர் அட்டைகளின் விவரம் திருடு போனது. அவர்களிடம் விலை உயர்ந்த கண்காணிப்புக் கருவி இருந்தது. அது அலர்ட் கொடுத்தது. பெங்களூரில் இருந்த அவர்களுடைய குழு அதைப் பார்த்துத் தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்றும் பின்னால் செய்தி வந்தது. அங்கே யாரும் அசையவில்லை. கருவி வேலை செய்தது, கீழே இருந்தவர்களும் வேலை செய்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்த இடத்தில்தான் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கே தெரிந்த ஒரு சம்பவம். போகிக்கு முந்தின ராத்திரி ஒரு கம்பெனியில் புது அட்மின் கணக்கு முளைத்தது. சீம் நாலு நிமிடத்தில் மெயில் அனுப்பிவிட்டது. அந்த மெயில் போன முகவரி, இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போனவருடையது. காணும் பொங்கல் முடிந்து ஆட்கள் வந்தபோது சர்வரில் ஃபைல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. நீண்ட விடுமுறையையும் சனி, ஞாயிறையும் பார்த்துத்தான் வருவார்கள். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணத்தை எடுத்தவர்கள் தேர்ந்தெடுத்தது டாக்காவின் வார விடுமுறை தொடங்கும் வியாழன் இரவை. 8.1 கோடி டாலர் போயிற்று.

ஆகவே ஒவ்வொரு ரூலுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். இது அடித்தால் யாருக்குப் போன் போகும், அவர் எடுக்கவில்லை என்றால் யார், எடுத்தவர் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வார். மூன்றையும் எழுத முடியாத ரூலை அணைத்துவிடுங்கள். மூன்றாவதுதான் கஷ்டம். ராத்திரி இரண்டு மணிக்கு ஈ.ஆர்.பி. சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? பிடுங்கி, அது ஒன்றுமில்லாத அலர்ட்டாகப் போய், காலையில் டிஸ்பாட்ச் இரண்டு மணி நேரம் தாமதமானால் உங்களைத் திட்டுவார்களா? திட்டுவார்கள் என்ற பயம் இருந்தால் நீங்கள் விடியும்வரை காத்திருப்பீர்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால் எம்.டி.யின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள்: சந்தேகம் வந்தால் இந்தச் சர்வர்களைத் துண்டிக்க ஐ.டி. பொறுப்பாளருக்கு உரிமை உண்டு, அவசரத்தில் எடுத்த முடிவு தவறானாலும் நடவடிக்கை இல்லை. சந்தாவுக்குப் பணம் கேட்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கேளுங்கள். அதற்குச் செலவே இல்லை. தர மறுத்தால் சந்தா கட்டியும் புண்ணியமில்லை.

ரெண்டு பேரால் ஓட்ட முடியுமா என்று கேட்டீர்கள். பகலில் முடியும். அலர்ட் நாளைக்கு இருபதுக்குள் வந்துவிட்டால் காலையில் முக்கால் மணி நேர வேலை. ராத்திரி முடியாது, முயலவும் வேண்டாம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் என்றால் ஒரே ஒரு நாற்காலியை நிரப்பவே மூன்றரை ஆள். லீவு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் வேண்டும். அந்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வெண்டர் கேட்கும் சந்தா குறைவாகத்தான் இருக்கும். அதனால் இரவையும் விடுமுறையையும் வெளியில் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் இப்போதே இல்லை. நாலாயிரம் அலர்ட்டை அப்படியே அவர்களிடம் தள்ளினால், அவர்களும் ஒரு ஃபோல்டர் போடுவார்கள். முதலில் மூன்று மாதம் நீங்கள் சுத்தம் செய்யுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது பார்க்க வேண்டியது: தீவிரமான அலர்ட்டுக்கு மெயில் மட்டும் போதாது, போன் வர வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் என்று எண்ணில் இருக்க வேண்டும். லாக் உங்கள் சொத்து, ஒப்பந்தம் முறிந்தால் படிக்கக்கூடிய வடிவத்தில் திரும்ப வர வேண்டும். ரூல்களை மாதம் ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து திருத்த வேண்டும். கண்ணைக் கவரும் டாஷ்போர்டு பற்றி ஒரு வரி கூட எனக்கு வேண்டாம்.

வேறு கருவிக்கு மாறலாமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும். 'வாஸூ' என்ற இலவச மென்பொருள் நல்லதுதான். நம் சென்னைக்காரர்களான ஸோஹோவும் ஒன்று விற்கிறார்கள். ஆனால் உங்கள் பிரச்சினை எதிலும் தீராது. வாங்கியதை வைத்தே ஓட்டுங்கள். புதுப்பிக்கும்போது கட்டணம் நாளைக்கு எத்தனை ஜி.பி. என்ற கணக்கிலா, வினாடிக்கு எத்தனை பதிவு என்ற கணக்கிலா என்று மட்டும் பாருங்கள். அந்த ஃபயர்வால் சத்தத்தைக் குறைத்த பிறகு பில்லும் குறையலாம்.

ஆடிட்டருக்கு என்ன காட்டுவது என்ற கவலையும் வேண்டாம். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 27001ன் 2022 பதிப்பில் 8.15 லாக், 8.16 கண்காணிப்பு, 8.17 கடிகாரம். பன்னிரண்டு ரூல், அவற்றுக்கு எதிரே பெயர்கள், எந்த அலர்ட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று நாள் போட்டு எழுதிய ஒரு சாதாரண எக்ஸெல், எம்.டி. கடிதம். விஷயம் தெரிந்த ஆடிட்டருக்கு டாஷ்போர்டை விட அந்த எக்ஸெல் பிடிக்கும்.

மூன்று மாதம் கழித்து, எம்.டி.யிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டிலிருந்தே வி.பி.என்.னில் நுழைந்து புதுக் கணக்கு ஒன்றை உருவாக்கி அட்மின் குழுவில் சேருங்கள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் மணி அடித்தது, யார் கூப்பிட்டார் என்று எனக்கு எழுதுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கணக்கை அழிக்க மறந்துவிடாதீர்கள்.